கறுப்புச் சேலை இல்லாமலே மயக்கலாம்

தருமபுரியில் கல்லூரி ஆண்டு விழாவுக்கு நாடகம் போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். மாங்காய் மண்டி முதலாளி ஒருவரிடம் கணக்கெழுத வேலைக்கு வருகிறாள் ஒரு பெண். தன் அப்பாவை ஏமாற்றி அவர் எழுதி வாங்கிய தோப்பை, அவர் கையாலேயே திருப்பி எழுத வைக்கிறாள். அந்தப் பெண்ணாக நடிக்கப்போவது நீங்கள். இயக்கும் நண்பர் கறுப்புச் சேலை, கையில்லாத ரவிக்கை, ரத்தச் சிவப்பில் உதட்டுச்சாயம் என்று முடிவு செய்துவிட்டார். முன்வரிசையில் அம்மாவும் முதல்வரும் உட்கார்ந்திருப்பார்களே என்று உங்களுக்குக் கூச்சம். "நான் கறுப்பு, ஒல்லி, இந்த வேடம் எனக்கு எடுபடுமா" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கிருஷ்ணகிரியில் மேடைக்கு உடை தைத்துக் கொடுப்பது என் தொழில் என்பதால் விரிவாகவே சொல்கிறேன்.

எடுபடும். நன்றாகவே எடுபடும். ஆனால் நண்பர் சொன்ன உடையில் எடுபடாது. அதற்குக் காரணம் உங்கள் நிறமோ உடம்போ இல்லை. அந்த உடை கதைக்கே பொருந்தவில்லை. கறுப்புச் சேலையும் சிவப்பு உதடுமாக ஒரு பெண் மண்டிக்குள் நுழைந்தால், கடைசி வரிசையில் இருப்பவருக்குக்கூட இவள் கவிழ்க்கப்போகிறாள் என்று தெரிந்துவிடும். பார்ப்பவர் எல்லாருக்கும் தெரிவது, நாற்பது வருடமாக ஆட்களை எடைபோட்டே பிழைத்த மண்டிக்காரருக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போகும்? அவரை முட்டாளாக்கினால் அவரை வீழ்த்தும் உங்கள் பாத்திரமும் சேர்ந்து சிறுத்துவிடும்.

இந்த வகைப் பாத்திரத்துக்கு உடை தேடும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான். எதிரே இருப்பவன் எதைப் பார்க்க ஏங்குகிறான்? அதைத்தான் அவள் உடுத்திக்கொண்டு வருவாள். மேடைக்குக் கீழே இருக்கும் முந்நூறு பேரை மயக்குவது அவள் வேலை இல்லை. அவளுக்கு வேண்டியது அந்த ஒரு மனிதர், அந்த ஒரு கையெழுத்து.

பழையனூர் நீலி கதையை நினைத்துப் பாருங்கள். தன்னைக் கொன்ற வணிகனைப் பழிவாங்க வரும் பேய் என்ன வேடத்தில் வந்தது? கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கணவனால் கைவிடப்பட்ட மனைவியாக வந்தது. ஊர்ச்சபை அந்தக் கோலத்தை நம்பியது. வணிகன் அலறியதை நம்பவில்லை. அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உயிரைப் பிணையாக வைத்த வேளாளர்கள் எழுபது பேர், சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்கினார்கள் என்று கதை முடிகிறது. நம் மண்ணில் ஒரு பெண் கட்டிய வேடங்களிலேயே பயங்கரமானது எது என்று கேட்டால், குழந்தையோடு நின்ற அந்த மனைவி வேடம்தான் என்பேன்.

கீசகன் கதையும் அப்படித்தான். திரௌபதி அம்மன் திருவிழாவில் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். விராடன் அரண்மனையில் அரசிக்குத் தலை அலங்காரம் செய்யும் பணிப்பெண்ணாக இருக்கிறாள் திரௌபதி. நகையும் இல்லை, பட்டும் இல்லை. தன்மேல் ஆசைப்பட்டுத் துரத்தும் கீசகனிடம், இரவில் நடனசாலைக்கு வா என்று ஒரு வார்த்தைதான் சொல்கிறாள். இருட்டில் பீமன் காத்திருக்கிறான். கீசகன் பார்க்க விரும்பியது தனக்கு இணங்கிவிட்ட ஒரு வேலைக்காரியை. அவன் பார்த்ததும் அதை மட்டும்தான்.

உங்கள் நண்பர் மனதில் இருப்பது நீலாம்பரியாக இருக்கலாம். 1999இல் வந்த 'படையப்பா'வில் ரம்யா கிருஷ்ணன் நடித்ததை இன்றும் யாரும் மறக்கவில்லை. ஆனால் நீலாம்பரி தன் அதிகாரத்தை எதிரியின் முகத்துக்கு நேராகக் காட்டுகிறவள், மறைத்துக்கொண்டு வருகிறவள் இல்லை. உங்கள் கதைக்கு அந்தத் தோரணை கடைசிக் காட்சியில்கூடப் பொருந்தாது.

நண்பர் சொன்ன கறுப்பு உடை 1940களின் அமெரிக்கக் குற்றப் படங்களிலிருந்து வந்தது. அதையும் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. 1946இல் வந்த 'கில்டா'வில் ரீட்டா ஹேவொர்த் அணிந்த கறுப்பு சாட்டின் கவுனை வடிவமைத்தவர் ஜான் லூயி. அந்தப் பாட்டுக் காட்சியில் அவர் கழற்றுவது நீளமான கையுறையைத்தான். அதற்கே உலகம் கிறங்கியது. அதே ஆண்டு வந்த 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் டுவைஸ்' படத்தில் கணவனைக் கொல்லத் துணியும் லானா டர்னருக்குப் பெரும்பாலான காட்சிகளில் வெள்ளை உடைதான். 1944இன் 'டபுள் இண்டெம்னிட்டி'யில் பார்பரா ஸ்டான்விக்கை மாடிப்படியில் இறங்கவிட்டு, அவர் காலில் கிடந்த மெல்லிய சங்கிலியைக் காட்டினார்கள். அந்தப் படத்துக்கு உடை அமைத்தவர் ஈடித் ஹெட். ஹாலிவுட்டில் 1934 முதல் தணிக்கை விதிகளைக் கண்டிப்பாக அமல்படுத்தினார்கள். வெளிப்படையாக எதையும் காட்ட முடியாது. காட்ட முடியாததால்தான் கையுறையும் கால் சங்கிலியும் அவ்வளவு பேசின. உங்கள் முன்வரிசையில் முதல்வரும் அம்மாவும் இருப்பதைத் தடையாக நினைக்காதீர்கள். இந்தப் பாத்திர வகையே அப்படிப்பட்ட முன்வரிசைக்கு நடுவில் வளர்ந்ததுதான்.

ஆனால் எதையும் அப்படியே எடுத்து ஒட்ட முடியாது. வெள்ளைச் சேலை நம் ஊரில் வேறு கதை சொல்லிவிடும். கறுப்பு, பொல்லாதவள் என்று முன்கூட்டியே பட்டம் கட்டிவிடும். கால் சங்கிலியோ இன்னும் சிக்கல். நம் வீடுகளில் நடை பழகும் குழந்தைக்கே கொலுசு போட்டுவிடுகிறோம், அதில் மயக்கம் எங்கிருந்து வரும்? இதைத் தலைகீழாகத் திருப்புங்கள். ஒரு பெண் வருகிறாள் என்பதை நாம் கொலுசுச் சத்தத்தில்தான் முதலில் அறிகிறோம். உங்கள் நாயகிக்குக் கொலுசே வேண்டாம், கண்ணாடி வளையலும் வேண்டாம். பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கும் மண்டிக்காரர் தலை நிமிரும்போது அவள் ஏற்கெனவே எதிரில் நிற்க வேண்டும். அந்த ஒரு நொடியில் அவர் மட்டுமில்லை, அரங்கமே சற்றுத் திடுக்கிடும்.

இனி காட்சிவாரியாக.

முதல் காட்சியில் வேலை கேட்டு வருகிறாள். வெளிர் நிறத்தில் சிறு பூப்போட்ட பருத்திச் சேலை, கஞ்சி போட்டுத் தேய்த்தது. ஒற்றைப் பின்னல். கையில் தோல் பட்டை வைத்த பழைய கடிகாரம். ஏழைதான், ஆனால் மடிப்புக் கலையாத ஏழை. இந்த மண்டிக்காரர் போன்றவர்கள் தேடுவது அழகியை இல்லை. தன் பணத்தை நம்பி ஒப்படைக்க ஓர் ஆளைத்தான் தேடுகிறார்கள். அதை அவர் கண்முன் நிறுத்துகிறது அந்தச் சேலை. அந்தக் கடிகாரம் அவள் அப்பாவுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்களுக்கு அது பிறகு தெரிந்தால் போதும், உங்களுக்கு முதல் ஒத்திகையிலிருந்தே தெரிய வேண்டும். இரண்டாம் காட்சிக்கு அதே வகைச் சேலை வேறு நிறத்தில் இருந்தால் போதும்.

மூன்றாம் காட்சி, இரவு, அவர் பெட்டியைத் திறந்து பத்திரங்களைக் காட்டும் இடம். இங்கேதான் துணி பேச வேண்டும். உங்கள் நண்பர் பட்டு என்றால் காஞ்சிபுரத்தை நினைப்பார். அது உடம்பை விட்டு விலகி நிற்கும், கொசுவம் பலகையாக விறைக்கும். அவ்வளவு விறைப்பான துணியில் மெல்ல அசைந்தால் அசைவே தெரியாது. இந்தக் காட்சிக்கு மைசூர் சில்க் கட்டுங்கள். அது கிரேப் நெசவு. நூலை நன்றாக முறுக்கி நெய்வதால் துணிக்கு ஒரு கனமும் குழைவும் இருக்கும். நீங்கள் திரும்பினால் அது அரை நொடி தாமதித்துத் திரும்பும், உட்கார்ந்தால் மடியில் வழிந்து நிற்கும். பெங்களூரு பக்கத்திலேயே இருப்பதால் நம் மாவட்டங்களில் பல வீடுகளின் பீரோவில் ஒரு மைசூர் சில்க்காவது இருக்கும். சித்தியிடமோ அத்தையிடமோ கேளுங்கள். பழையதாக இருந்தால் இன்னும் நல்லது, குழைவு கூடியிருக்கும். கிடைக்காவிட்டால் கனமான ஜார்ஜெட் பரவாயில்லை. பளபளக்கும் சாட்டின் மட்டும் வேண்டாம். மேடை விளக்கில் அது ஒவ்வொரு சுருக்கத்தையும் கோடு போட்டுக் காட்டும், உங்கள் உடம்புக்கு இல்லாத மேடுபள்ளத்தையெல்லாம் உண்டாக்கிவிடும்.

நிறம் அரக்கு, அல்லது பாட்டில் பச்சை. உங்கள் நிறத்துக்கு இவை இரண்டும் அள்ளிக்கொண்டு போகும். கறுப்பை நான் ஒதுக்குவதற்குத் தொழில் காரணமும் ஒன்று உண்டு. கல்லூரி அரங்குகளில் பின்திரை பெரும்பாலும் கறுப்பு அல்லது கருநீலம். பின்னாலிருந்து விளக்கு விழாவிட்டால் கறுப்புச் சேலை அந்தத் திரையில் கரைந்து, முகமும் இரண்டு கைகளும் மட்டும் மிதக்கும். இன்னொன்றையும் விளக்குப் போடுகிறவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரவுக் காட்சி என்று மேடை முழுக்க நீல ஒளி போட்டால் அரக்குச் சேலையும் சிவப்பு உதடும் கறுத்துப்போகும். அரக்குதான் என்றால் முகத்தின் மேல் சற்று மஞ்சள் கலந்த வெளிச்சம் கட்டாயம் வேண்டும். நீல ஒளியை மாற்றவே முடியாது என்றால் பச்சைக்குப் போய்விடுங்கள்.

ரவிக்கைக்கு முழங்கை வரை கை வையுங்கள். கழுத்தின் முன்பக்கம் மேலேறியே இருக்கட்டும், பின்கழுத்தைச் சற்று இறக்கிக்கொள்ளலாம். தலையைத் தாழ்வான கொண்டையாக முடித்து, பூ வைக்காமல் விடுங்கள். பெட்டியைத் திறக்கும் மண்டிக்காரருக்கு முதுகைக் காட்டி நீங்கள் நிற்கும்போது, அரங்கத்துக்கு உங்கள் முகமும் அவருக்கு உங்கள் பிடரியும் தெரியும். அவர் பார்ப்பது ஒன்று, நாங்கள் பார்ப்பது வேறொன்று. உங்கள் முகத்தில் என்ன ஓடுகிறது என்பதை அவர் ஒருவரால் மட்டும் பார்க்க முடியாது. அந்த நிலையே காட்சியின் பாதி வேலையைச் செய்துவிடும்.

கையுறைக்குப் பதில் உங்களிடம் கடிகாரம் இருக்கிறது. அவர் "நேரமாகிவிட்டதே, வீட்டுக்குப் போக வேண்டாமா" என்கிறார். நீங்கள் பதில் சொல்லாமல் இடது கையை மேசைமேல் வைத்து, பட்டையைத் தளர்த்தி, கடிகாரத்தைக் கழற்றிப் பத்திரத்தின் பக்கத்தில் முகம் மேலிருக்க வைக்கிறீர்கள். அவ்வளவுதான். அவர் அதை ஒரு சம்மதமாக எடுத்துக்கொள்வார். அப்பாவின் கடிகாரம் அப்பாவின் பத்திரத்தைத் தொட்டுக்கொண்டு கிடப்பது உங்களுக்கு மட்டும் தெரியும். இந்தச் செயலுக்கு முழுதாகப் பத்து நொடி கொடுங்கள். அந்த நேரத்தில் பின்னணி இசை எதுவும் வேண்டாம் என்று இயக்குநரிடம் மன்றாடியாவது வாங்குங்கள்.

நான்காம் காட்சி சார்பதிவாளர் அலுவலகம். காஞ்சிபுரத்தை இதற்காகத்தான் எடுத்து வைத்தேன். பெரிய கரை, தலை நிறையக் குண்டுமல்லி, நெற்றியில் குங்குமம், கழுத்தில் ஒற்றைச் சங்கிலி. தோப்பை அவள் பெயருக்கு எழுதினால் அடுத்தது கல்யாணம் என்று அவர் நம்பிக்கொண்டிருக்கிறார். ஆகவே முகூர்த்தத்துக்குப் புறப்பட்ட பெண்ணாக அவள் வருகிறாள். நாடகம் முழுவதிலும் அவள் அபாயம் உச்சத்துக்குப் போவது இந்த மங்கலக் கோலத்தில்தான். விறைப்பான பட்டு இங்கே உதவும், உங்களைத் தானாகவே நிமிர்ந்து நடக்க வைக்கும். ஒரு சின்ன எச்சரிக்கை: காலர் மைக் வைப்பதாக இருந்தால் ஜரிகைக் கரையில் குத்தாதீர்கள். அசையும்போதெல்லாம் உரசி அரங்கம் முழுக்கக் கரகரக்கும். ரவிக்கைக் கழுத்தின் உள்விளிம்பில் பொருத்தச் சொல்லுங்கள்.

முக ஒப்பனையில் வேண்டியது குறைவு. முகத்தை வெளுப்பாக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் மேல் வெளிர் பவுடர் அப்பினால் விளக்கு வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்துவிடும், கழுத்து வேறு நிறமாக நிற்கும். அடிப்பூச்சு உங்கள் கழுத்தின் நிறத்துக்கே பொருந்த வேண்டும். கறுத்த தோல் விளக்கொளியைக் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் வாங்கி மினுங்கும். அதைக் கெடுக்காமல் விட்டாலே பாதி ஒப்பனை முடிந்தது. கண்ணுக்கு மை, கீழிமையிலும் தீட்டுங்கள், கடைசி வரிசை வரை கண் போய்ச் சேர வேண்டும். உதட்டுக்குக் கருஞ்சிவப்பு, பளபளப்பில்லாதது, மூன்றாம் நான்காம் காட்சிகளுக்கு மட்டும்.

இனி தன்னம்பிக்கை. மனதைத் திடப்படுத்திக்கொள் என்று யாரும் சொல்லிவிடலாம். மேடையில் தன்னம்பிக்கையைக் காட்டிக்கொடுப்பது கைதான். பயந்த நடிகையின் கை எங்கே போகும் என்று நான் கவனிப்பதுண்டு. தோள் முந்தானைக்குத்தான் போகும். இழுப்பாள், சரிசெய்வாள், மறுபடி இழுப்பாள். அந்த ஒவ்வோர் இழுப்பிலும் மயக்கும் பெண் மறைந்து, மேடையேறிக் கூச்சப்படும் மாணவி வெளியே வருவாள். இதை மனதால் சரிசெய்ய முடியாது, ஊக்கால்தான் முடியும். முந்தானை மடிப்புகளைத் தோளின் உச்சியில் குத்தாமல், ஒரு விரற்கடை பின்னுக்குத் தள்ளி, ரவிக்கையின் லைனிங் வரை பிடிக்குமாறு உள்பக்கமிருந்து குத்துங்கள். முன்மார்பில் சேலை விளிம்பு விலகும் இடத்தில், இடுப்புக்கு மேல், இன்னொன்று. கொசுவத்தை உள்பாவாடையோடு சேர்த்து ஒன்று. பிறகு அந்தச் சேலையோடு குனியுங்கள், தரையில் உட்கார்ந்து எழுங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். ஒன்றும் நகராது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால் கை தானாகவே முந்தானையை மறந்துவிடும்.

ரவிக்கையும் அப்படித்தான். கைக்குழி இறுக்கமாக வெட்டப்பட்டிருந்தால் கையைத் தூக்கும்போது ரவிக்கை முழுவதும் மேலேறும், அதனால் நீங்கள் கையைத் தூக்கவே தயங்குவீர்கள், பார்ப்பவருக்கு அது பயமாகத் தெரியும். தையல்காரரிடம் அளவு கொடுக்கும்போது நின்றபடி மட்டும் கொடுக்காதீர்கள். உட்கார்ந்தும் கையை நீட்டியும் காட்டுங்கள். ஒல்லி என்று வருந்தினீர்களே, உடம்பின் வளைவுக்கு ஏற்ப நன்றாக டாட் (தையல் மடிப்பு) பிடித்துத் தைத்த ரவிக்கையும் மைசூர் சில்க்கும் ஒல்லியான உடம்பில்தான் மிக அழகாக விழும்.

குதிகால் செருப்பு போடுவதென்றால் அதைப் போட்டுக்கொண்டுதான் சேலை கட்ட வேண்டும். கட்டிவிட்டுப் பிறகு செருப்பை மாட்டினால் கரை கணுக்காலுக்கு மேலேறிவிடும். இப்போது பலரும் கொசுவத்துக்கு உள்ளே இறுக்கமான சேலை ஷேப்வேர் அணிகிறார்கள். உருவம் நன்றாகத் தெரியும், ஆனால் நடக்கும்போது வைக்கும் எட்டு குறுகிவிடும். இந்தப் பாத்திரத்துக்கு நீண்ட, நிதானமான எட்டு வேண்டும். ஆகவே பழைய நாடா உள்பாவாடையே போதும்.

நடிப்பில் நான் சொல்ல விரும்புவது வேகத்தைப் பற்றி. மேடையில் இருக்கும் மற்ற எல்லாரையும்விட நீங்கள் சற்று மெதுவாக இருங்கள். அவர் பேசி முடித்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பதில் சொல்லுங்கள். யாராவது உங்களைக் கூப்பிட்டால் முதலில் கண், பிறகு முகம், கடைசியாகத் தோள் திரும்பட்டும். சிரிப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள். சிரிக்காமல் இருக்கலாம், சிரித்தால் முழுதாகச் சிரியுங்கள். இடுப்பை வளைத்து நிற்பது, உதட்டைக் கடிப்பது, கூந்தலைச் சுழற்றுவது எல்லாம் யாரையாவது மயக்க வேண்டுமே என்று பதறுகிறவர்கள் செய்வது. உங்கள் நாயகிக்கு அந்தப் பதற்றம் இல்லை. அவளுக்குத் தோப்பு வேண்டும், நியாயம் அவள் பக்கம், எத்தனை மாதமானாலும் காத்திருப்பாள். அந்தப் பொறுமையை நீங்கள் நம்பினால் பார்ப்பவர் கண்ணை உங்களிடமிருந்து எடுக்க மாட்டார்.

நுழைவை மட்டும் நம் கூத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். கூத்தில் முக்கிய வேடம் நேராக வந்து நின்றுவிடாது. இருவர் துணித்திரை பிடிப்பார்கள், திரைக்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், கூத்தை நடத்திச் செல்லும் கட்டியங்காரன் பேச்சுக் கொடுப்பான். ஆள் தெரிவதற்கு முன்பே சபை ஆளை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். ஆண்களே பெண் வேடம் கட்டி விடிய விடிய ஆடியும் யாரும் சந்தேகப்படாமல் உருகிப்போவதற்கு இந்த நுழைவு ஒரு பெரிய காரணம். உங்கள் நாடகத்தில் மண்டி வேலையாட்கள் இரண்டு பேர் அவளைப் பற்றி முதலில் பேசட்டும். "கணக்குக்கு ஒரு பொண்ணு வந்து நிக்குது" என்று ஒருவன் சொல்ல, மண்டிக்காரர் "அப்புறம் வரச் சொல்" என்று தலை நிமிராமலே மறுக்கட்டும். அதற்குள் நீங்கள் உள்ளே வந்து நின்றிருங்கள்.

கடைசிக் காட்சியில் உண்மை வெளிப்படும்போது என்ன உடை என்று உங்கள் நண்பரிடம் சண்டை வரலாம். சிவப்பு, கறுப்பு என்று ஆரம்பிப்பார். முதல் நாள் கட்டி வந்த அதே பருத்திச் சேலையைக் கட்டுங்கள். இப்போதுதான் மண்டிக்காரருக்கு அதன் அர்த்தம் தெரியும். பட்டிலிருந்து பருத்திக்கு மாற நேரம் போதாது என்றால், கொசுவத்தை முன்கூட்டியே மடித்துத் தைத்து, இடுப்பில் கொக்கி வைத்துவிடுங்கள். பக்கத்தில் ஒருத்தி நின்று முந்தானையை ஊக்கால் குத்தினால் இரண்டு நிமிடத்தில் மாறிவிடலாம். பூவை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அவசரத்தில் எல்லாரும் மறப்பது அதைத்தான்.